ஏழு தெளிவான படங்கள்

மலை ஆய்வகம்
ஏப்ரல் 9

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி, அடித்துவிட்டு, அடித்தது தெரியக் கூடாதென்று புதுத் தாள் எடுத்தேன். இப்போது அதையும் உன்னிடமே சொல்லிவிட்டேன். ஒரு வருடம் பேசாமல் இருந்தும் உன்னிடம் எதையும் மறைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். ஆய்வக மின்னஞ்சலை இயக்குநர் அறையில் யார் யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ அந்த அறைக்கு இரண்டு கதவு தள்ளி உட்கார்ந்திருக்கிறாய், உனக்குத் தெரிந்திருக்கலாம். அதனால்தான் தாள். வாரம் இரண்டு முறை சாமான் ஜீப் கீழே போகிறது, அதில் கொடுத்துவிடுகிறேன்.

அப்பா உன் கட்டுரையின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார். "பெரியவ ஒரு புது கிரகம் கண்டுபுடிச்சிருக்கா, நீயும் படிச்சுப் பாரும்மா" என்று கூடவே ஒரு வரி. அவர் தலைப்பையும் உன் பெயரையும் படித்திருப்பார். நான் அடிக்குறிப்பு வரை படித்தேன். எங்கோ ஒரு நட்சத்திரம் இரண்டு முறை ஒரு சதவீதம் மங்கியது, இரண்டுக்கும் நடுவே முப்பத்தேழு நாள், ஆகவே முப்பத்தேழு நாளுக்கு ஒருமுறை அதன் முன்னால் ஒரு கிரகம் கடந்து போகிறது. அதற்கப்புறம் வந்த தேதிகளில் ஒன்று பகலாகிவிட்டது, இன்னொன்றில் மேகம் மறைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உன் கிரகத்துக்கு ரொம்பத்தான் வெட்கம்.

சண்டைக்கு வரவில்லை. இரண்டாவது மங்கலின் தேதியைப் பார்த்ததும்தான் பேனாவை எடுத்தேன். போன வருடம் ஜூன் 19. அது என் இரவு. என் சிறுகோளைப் பின்தொடர எனக்கென்று ஒதுக்கி, பிறகு உனக்கு மாற்றிக் கொடுத்த இரண்டு இரவுகளில் இரண்டாவது. என்னிடம் அப்போது நான்கு இரவுகளின் அளவுகள்தான் இருந்தன, பாதையைக் கணக்கிட அது போதவில்லை. அந்த இரண்டு இரவும் போன கையோடு தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றிப் பூச்சுப் போட அனுப்பிவிட்டார்கள், மூன்று மாதம் குவிமாடம் காலியாகக் கிடந்தது. இப்போது உலகப் பட்டியலில் என் கல்லுக்கு எதிரே 'தொலைந்தது' என்று போட்டிருக்கிறார்கள். செவ்வாயின் பாதையைத் தாண்டி உள்ளே வந்து போகிற ஜாதி அது. பதினோரு வருடத்தில் நான் கண்டுபிடித்ததில் சொல்லிக்கொள்ளும்படியான ஒரே கல்.

நான் கேட்பது இவ்வளவுதான். அன்றைக்கு அது உன் படங்களின் எல்லைக்குள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும் என்று என் கணக்கு சொல்கிறது. ஃபோகஸ் கலைத்து எடுத்த படங்கள் எனக்கு உதவாது. வெளிச்ச அளவு நன்றாக வருமென்று கிரகக்காரர்கள் நீங்கள் நட்சத்திரங்களை வளையல் வளையலாக ஆக்கிவிடுவீர்கள், அதில் என் கல் கரைந்து போயிருக்கும். கலைப்பதற்கு முன்னால் தொலைநோக்கியைச் சரிபார்க்கச் சில தெளிவான படங்கள் எடுப்பீர்களே, அவற்றை மட்டும் அனுப்பு. அவற்றில் அது இருந்தால் இந்த ஜூலையில் திரும்பப் பிடித்துவிடுவேன். விட்டால் நம் தொலைநோக்கிக்கு எட்டும் தூரத்தில் அது வர இன்னும் ஆறு வருடம் ஆகும்.

தங்கை


நகர அலுவலகம்
ஏப்ரல் 18

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் 'உதவி ஆய்வாளர்' என்று எழுதியிருந்தாய். 'உதவி' போய் ஏழு மாதம் ஆகிறது. தெரியாமல் எழுதினாயா என்று கேட்க மாட்டேன்.

படங்கள் தர முடியாது. கட்டுரை வெளிவரும்வரை வெளியாருக்குத் தருவதில்லை என்பது எங்கள் குழுவின் விதி. தங்கைக்கென்று தனி விதி இல்லை. மேலும் அன்று தெளிவான படம் எதுவும் எடுக்கவில்லை. முதல் படத்திலிருந்தே ஃபோகஸ் கலைத்துத்தான் எடுத்தோம்.

உன் சிறுகோள் தொலைந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீ அதற்காகத்தான் படங்களைக் கேட்கிறாய் என்று நான் நம்ப வேண்டுமா? மூன்று வாரத்துக்கு முன் இதழிலிருந்து மதிப்பீட்டாளரின் கேள்விகள் வந்தன. யார் என்று பெயர் சொல்ல மாட்டார்கள். அதில் ஒன்று இப்படி: 'உங்கள் நட்சத்திரம் மங்கியதா என்பதை ஒரே ஒரு பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்திருக்கிறீர்கள். ஜூன் 19 அன்று அந்தப் பக்கத்து நட்சத்திரம் சற்றுப் பிரகாசமாகியிருந்தால்?' அந்தப் பகுதியில் ஒப்பிடத் தகுந்த வேறு நட்சத்திரம் கிடையாது. அது தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அதில் ஒருத்தி மலை மேல் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றே வாரத்தில் அவளிடமிருந்து, அதே தேதியின் படங்களைக் கேட்டு, ஒரு வருடமாக வராத கடிதம் வருகிறது. தற்செயல் என்று சொல்வாய்.

ஜூன் 16 அன்று நிரந்தரப் பதவிக்கான குழு கூடுகிறது. என் கோப்பின் முதல் பக்கத்திலேயே அந்தக் கிரகம் இருக்கிறது. அது இல்லையென்றால் பதவி இல்லை, ஜூலை 31-ஓடு என் ஒப்பந்தமும் முடிகிறது. அப்பா இதையும் உன்னிடம் சொல்லியிருப்பார்.

கடைசியாக ஒன்று. உன் இரண்டு இரவுகளை நான் கேட்டு வாங்கவில்லை.

அக்கா


மலை ஆய்வகம்
ஏப்ரல் 27

அக்காவுக்கு,

அந்த மதிப்பீட்டாளர் நான் இல்லை. நான் திட்டினால் பெயர் போட்டுத்தான் திட்டுவேன். சின்ன வயதில் உன் சீப்பை உடைத்தபோதுகூட, 'உடைத்தது நான்தான், வேண்டுமென்றே' என்று சீட்டு எழுதி உன் தலையணை மேல் வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

பக்கத்து நட்சத்திரம் என்கிற விஷயமே என் மண்டையில் இல்லை. என் கல் எங்கே என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாய். உன் கடிதத்தைப் படித்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த வாரம் என் கல் பாதையில் திரும்புகிற இடத்தில் இருந்தது, நகர்கிறதா இல்லையா என்று தெரியாதபடி ஊர்ந்துகொண்டிருந்தது. 19-ஆம் தேதி சுமார் இரண்டு மணி நேரம் அது உன் பக்கத்து நட்சத்திரத்தோடு ஒட்டி நின்றிருக்கலாம். என்னிடம் நான்கு இரவுதான் இருப்பதால் கணக்கில் பிசகு உண்டு, ஆனால் அந்தப் பக்கம்தான். கல்லின் வெளிச்சமும் சேர்ந்துகொண்டால் பக்கத்து நட்சத்திரம் ஒரு சதவீதம் பிரகாசமாகத் தெரியும். அதோடு ஒப்பிட்டால் உன் நட்சத்திரம் ஒரு சதவீதம் மங்கியதாகத் தெரியும். உண்மையில் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. உன் இரண்டாவது மங்கல் எத்தனை நேரம் நீடித்தது என்று கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம்.

இன்னொன்று. இங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்கிற டார்ச்சை உனக்கு நினைவிருக்கும், நடுப்பகலிலும் கழுத்தில் டார்ச் லைட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவாரே, அவர்தான். அவருடைய பதிவேட்டைப் புரட்டினேன். ஜூன் 19 பக்கத்தில், அவருடைய கொட்டை எழுத்தில், 'தெளிவு 7, பிறகு கலங்கல் 212' என்று இருக்கிறது. நிச்சயமா என்று கேட்டேன்.

"ஏழுன்னு எழுதியிருந்தா ஏழுதாம்மா. எனக்குக் கதை எழுத வராது" என்றார். பிறகு லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "ஏன், அக்கா வேற மாதிரி சொல்றாங்களா?" என்று கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. உன்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒன்றுகூட எடுக்கவில்லை என்றாய். ஏழு இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னாய்?

தங்கை


நகர அலுவலகம்
மே 6

சின்னவளுக்கு,

பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்காவை விசாரிக்கிறாய். ரொம்ப சந்தோஷம். அடுத்து கைரேகை எடுக்க ஆள் அனுப்புவாயா?

ஏழா மூன்றா என்று பத்து மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? ஃபோகஸ் சரிபார்க்க எடுப்பவை எங்களுக்குக் குப்பை. ஜனவரியில் கணினியில் இடமில்லை என்று எல்லோரும் பழையதை அழித்தபோது நானும் அழித்தேன். அதோடு முடிந்தது.

நீ எதைத்தான் விட்டுவைத்தாய்? பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நான் ராத்திரி பகலாக அட்டையில் சூரியக் குடும்பம் செய்து வைத்தால், சனியின் வளையத்தைப் பிய்த்துக் கையில் மாட்டிக்கொண்டு நிற்பாய். அம்மா, "சின்னப் பொண்ணுதானே, விடேன்" என்பாள். முப்பத்தெட்டு வயதிலும் நீ சின்னப் பெண்தானா? நீ கண்டுபிடித்தது ஒரு கல். நான் கண்டுபிடித்தது ஒரு உலகம். அது உனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் புள்ளி எதுவாகவும் இருக்கலாம், கேமராக் கோளாறாகக்கூட இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு என் எட்டு வருட உழைப்பில் கை வைக்காதே.

இனி எழுதுவதானால் இயக்குநர் வழியாக எழுது.

அக்கா


மலை ஆய்வகம்
மே 13

அக்காவுக்கு,

இயக்குநர் வழியாக எழுதவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

'அந்தப் புள்ளி' என்று எழுதியிருக்கிறாய். எந்தப் புள்ளி? உனக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நகல் வைத்திருக்கிறேன். ஆமாம், உன்னை நம்பாமல்தான் வைத்திருக்கிறேன். சமையலறை மேசையில் விரித்துப் போட்டு வரிவரியாகப் படித்தேன். கல் என்று எழுதியிருக்கிறேன், சிறுகோள் என்று எழுதியிருக்கிறேன். படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது என்று எங்கேயும் எழுதவில்லை. எப்படி எழுதுவேன், நான்தான் அந்தப் படங்களைப் பார்த்ததே இல்லையே. அது கேமராக் கோளாறாக இருக்குமோ என்கிற யோசனை, பார்த்தவளுக்குத்தான் வரும்.

அழித்துவிட்டேன் என்பதையும் நான் நம்பவில்லை. நாலாம் வகுப்பு நோட்டுக்கு இன்னும் அட்டை மாற்றுகிறவள் நீ.

இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். என் கணக்கும் டார்ச்சின் பதிவேட்டுப் பக்கமும் அதோடு சேர்த்துக் குத்தியிருக்கிறது. மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஜீப் இரண்டு முறை வந்து போய்விட்டது, இரண்டு முறையும் அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அதை அனுப்பினால் உன் கிரகம் போய்விடும், ஆனால் படங்கள் வராமல் என் கல் கிடைக்காது. அந்த லாப நஷ்டத்தைப் பார்த்துத்தான் அனுப்பவில்லை என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும்.

நேற்று அம்மா போனில் வந்தாள். "ரெண்டு பேரும் எந்நேரமும் வானத்தையே பாக்குறீங்க, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க மாட்டேங்கிறீங்க" என்றாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்துவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இயக்குநர் வழியாக எழுதாததன் காரணம் இதுதான். அவர் கைக்குப் போனால் கோப்பில் ஏறிவிடும். அதற்கப்புறம் நீயாக வந்து சொன்னாலும் யாரும் அதை நீயாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தங்கை


நகர அலுவலகம்
மே 24

சின்னவளுக்கு,

இதோடு ஒரு ஹார்ட் டிஸ்க் வருகிறது. துணியில் சுற்றி, என் பழைய மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஏழும் இருக்கின்றன. கலங்கல் 212-ம் இருக்கின்றன. முதல் மங்கலைப் பார்த்த, போன வருடம் மே 13-இன் படங்களையும் போட்டிருக்கிறேன்.

போன வருடம் ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டேன். முதல் படத்தில் பக்கத்து நட்சத்திரத்துக்கு இடது புறம் ஒரு மெல்லிய புள்ளி. ஏழாவது படத்தில் அது நட்சத்திரத்துக்கு ஒரு நூல் கிட்டே வந்திருந்தது. என்ன என்று பட்டியலில் தேட இரண்டு நிமிடம் போதும். நான் தேடவில்லை. கேமராக் கோளாறு என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஏழையும் 'குப்பை' என்று பெயர் வைத்த கோப்புறைக்குள் தள்ளினேன். அழிக்கக் கை வரவில்லை. கணினியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் கண்ணில் படும், நான் அதைத் தாண்டி அடுத்ததைத் திறப்பேன். மதிப்பீட்டாளரின் கேள்வி வந்த அன்றும் அந்தக் கோப்புறையைத் திறக்கவில்லை. அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது நீதான் என்று நினைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியைப் பொறாமை என்று ஒதுக்கிவிடலாம். அப்படித்தான் செய்தேன்.

இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கவில்லை என்று எழுதினேன், அது பொய் இல்லை. இயக்குநர் என்னை வராந்தாவில் நிறுத்தி, "உங்க தங்கச்சியோட ரெண்டு ராத்திரி இருக்கு, நீங்க எடுத்துக்குங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். "சொல்ல மாட்டா சார்" என்றேன். ஒரு வார்த்தை உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்டால் நீ முடியாது என்பாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

நேற்று மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டியலில் இருக்கிற உன் நான்கு இரவு அளவுகளை எடுத்து ஏழு படங்களோடு பொருத்திப் பார்த்தேன். பொருந்துகிறது. பிறகு கலங்கல் படங்களிலிருந்து கல்லின் வெளிச்சத்தைக் கழித்துவிட்டு என் நட்சத்திரத்தைத் திரும்ப அளந்தேன். கோடு நேராகப் போகிறது. அன்றைக்கு அது மங்கவே இல்லை. அந்த நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடத்தில் நான் எடுத்த மிகச் சுத்தமான அளவு அதுதான் என்று நினைத்தபோது அழுதுவிட்டேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்று காலை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். பதவிக் குழுவுக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. இதையெல்லாம் நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீயே அளந்து பார்.

அக்கா


மலை ஆய்வகம்
ஜூன் 3

அக்காவுக்கு,

டிஸ்க் வந்தது. அளந்துகொண்டிருக்கிறேன். உன் படங்களில் பதிவான நேரத்துக்கும் டார்ச்சின் பதிவேட்டில் உள்ள நேரத்துக்கும் நாற்பது நொடி வித்தியாசம் இருக்கிறது. ஏன்?

தங்கை


நகர அலுவலகம்
ஜூன் 17

சின்னவளுக்கு,

நாற்பது நொடி டார்ச்சின் கைக்கடிகாரத்தில். படங்களின் நேரம் செயற்கைக்கோளிலிருந்து வருவது, அது பிசகாது. அவரையே கேள்.

குழு நேற்று கூடியது. என் கோப்புக்குப் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், "நீங்களாவே சொன்னது நல்ல விஷயம்தான்" என்றார். இன்னொருவர், "ஆனா லேட்டா சொன்னீங்க" என்றார். இருவர் சொன்னதும் சரி. பதவி இல்லை. ஜூலை 31-க்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கட்டுரையை நகல் எடுத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்.

கல் கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

அக்கா


மலை ஆய்வகம்
ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

டார்ச்சிடம் கேட்டேன். கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார். "முப்பது வருஷமா கட்டியிருக்கேன், இதும் மேலயா சந்தேகம்?" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் நாற்பது நொடி அவருடையதுதான்.

கிடைத்துவிட்டது. உன் ஏழு அளவுகளைச் சேர்த்ததும் பாதை இறுகிவிட்டது. இந்த மாதம் 3, 4, 5 மூன்று இரவும் கணக்கு சொன்ன இடத்திலேயே நின்றது. நான் போட்ட கூச்சலில், குவிமாடத்தில் தீப்பிடித்துவிட்டதென்று டார்ச் வாளியோடு ஓடிவந்தார். 'தொலைந்தது' என்பதை எடுத்துவிட்டார்கள்.

பட்டியலுக்கு அனுப்பும்போது ஒவ்வோர் அளவுக்கும் எதிரே 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஜூன் 19-க்கு எதிரே உன் பெயரைத்தான் போட வேண்டும், விதி அது. போட்டுவிட்டேன். போடும்போது எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த இரவு உன் கைக்குப் போகாமல் இருந்திருந்தால் கல் திரும்பக் கிடைத்திருக்காது என்கிறார் டார்ச். என் கையிலேயே இருந்திருந்தால் தொலைந்தே இருக்காது என்றேன்.

இப்போது உன் விஷயம். முதல் மங்கலையும் சந்தேகப்பட்டேன். மே 13 அன்று அந்த இடத்தில் வேறு ஏதாவது கல் நின்றதா என்று பட்டியல் முழுவதும் சலித்தேன். ஒன்றும் இல்லை. உன் படங்களைத் திரும்ப அளந்தேன். பக்கத்து நட்சத்திரத்தைத் தனியாக அளந்தேன், அது இம்மி அசையவில்லை. கேமராவைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், உன்னையும் இன்னொரு தடவை சந்தேகப்பட்டேன். அந்த மங்கலைக் கொல்ல என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், அது சாகவில்லை. முப்பத்தேழு நாள் என்பது போயே போய்விட்டது. திரும்ப எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு உன் நட்சத்திரத்தின் முன்னால் ஏதோ ஒன்று கடந்து போனது.

கல்லை மீட்டதற்காக எனக்கு ஜூலை 21 முதல் எட்டு இரவுகள் கொடுத்திருக்கிறார்கள். கல்லுக்கு மூன்று போதும். மீதி ஐந்தையும் உன் நட்சத்திரத்துக்குத் தரலாம் என்று இயக்குநரிடம் சொன்னேன். உன் ஒப்பந்தம் முடிவதற்குள் வந்துவிடுகிறது. ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோர் இரவும் முதலில் தெளிவான படம் ஏழு எடுக்க வேண்டும், நகல் மறுநாள் காலையே என் கைக்கு வர வேண்டும். நம்பிக்கை இல்லாமல் இல்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். பொய் எதற்கு?

அவர், "அக்காவுக்குன்னு எழுதிடவா? அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

"தெரியாது சார், அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

கேட்கிறேன். வருகிறாயா?

தங்கை